மகாராணி சொன்ன சாட்சி

போன வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மருமகள் ஒரு துண்டு சித்தரத்தையைக் கையில் கொடுத்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அந்தக் காரம் நாக்கில் ஏறியதும், இந்தச் சென்னை ஃபிளாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு மைக் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த நாளில் மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் கன்னத்தில் ஒரு துண்டு சித்தரத்தை ஒதுக்கி வைத்திருப்போம். பார்த்தீர்களா, ‘வைத்திருப்போம்’ என்கிறேன். நானும் ஒரு காலத்தில் பேச்சாளர் என்று நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுப்பேன். என் மூஞ்சி தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரியும். கடைத்தெருவில் ரெண்டு முழம் பூ கேட்டால்கூட நாலு பேர் திரும்பி, “ட்ரங்க் கால் பிள்ளைல்லா” என்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் ஊர் இலக்கிய மன்றத்தில் என்னைச் சேர்த்தார்கள். அறிவுக்காக என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மன்றத்துக்குக் கொண்டாட்டம். வெளியூர்க் கூட்டம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பொழுது போகாமல் கிடக்கும். அவர்களுக்காக ஒரு கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை நாடகம் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே நாடகத்தின் மேல் வழக்காடு மன்றம். நாடகத்தில் வந்த ஒருவரைக் குற்றவாளி என்று நிறுத்தி, ஒருவர் குற்றம் சாட்ட, ஒருவர் மறுக்க, நடுவர் தீர்ப்புச் சொல்வார். மற்ற ஊர்களில் இவ்வளவுதான். எங்கள் மன்றத்தில் சாட்சி விசாரணையும் உண்டு. முந்தின நாள் நடித்தவர்களே கூண்டில் ஏறி, அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். பந்தி பெஞ்சு ரெண்டைக் குறுக்கே நிறுத்தினால் கூண்டு.

அந்தக் காலத்துச் சோக நாடகங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எல்லாத்திலும் ஒரு ராஜா இருப்பார். நல்லவர்தான், ஆனால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். கடைசிக் காட்சியில் நீல விளக்கு எரியும், ஆர்மோனியம் இழுக்கும், செத்துக்கிடக்கிற ராணியை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து ‘விதியே’ என்று ஒரு சத்தம் போடுவார். பொம்பளைகள் மொத்தமும் மூக்கைச் சிந்தும். நானும்தான். முழு நாடகத்தையும் ராஜா கெடுத்திருப்பார், பழி மட்டும் வானத்துக்குப் போய்விடும். அதை அன்றைக்கு யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷத்து நாடகமும் அதே ரகம். ராணி அரண்மனைக்கு வந்த மாதமே எதிரி படையெடுத்து வந்து கோட்டை விழுந்துவிடும். ராணி கால் வைத்த நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொல்ல, ராஜா அவளைக் காட்டுக்கு அனுப்பிவிடுவார். அவள் அங்கே சாவாள். உண்மையில் கோட்டையின் மேற்கு வாசலில் காவல் பத்தாது என்று தளபதி முன்கூட்டியே வந்து எச்சரித்திருப்பான், ராஜாதான் நாளைக்குப் பார்ப்போம் என்று வேட்டைக்குப் போயிருப்பார். குற்றவாளி அரசன் என்று பேச ஒரு கல்லூரிப் பேராசிரியர். அரசன் மேல் தப்பில்லை, எல்லாம் விதி என்று மறுக்க நான். நடுவர் எங்கள் ஊர் வக்கீல் அண்ணாச்சி. அவருடைய பழைய கறுப்புக் கோட்டைத்தான் எனக்கு மாட்டிவிட்டார்கள். கை எது, கோட்டு எது என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் எங்கள் வீட்டில் அம்மா, நான், திரும்பி வந்த அக்கா. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தோம். கல்யாணமான மாதமே மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான், வந்த நேரம் சரியில்லை என்று மாமியார் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். அத்தான் வாயே திறக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து ஆள் அனுப்பினார்கள். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து, தோஷம் தன்னுடையதுதான் என்று அக்கா ஒத்துக்கொண்டு பரிகாரம் செய்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று.

அம்மாவுக்கு அதுவே பெரிசாக இருந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போய் வாழ் என்று ராத்திரி பகல் கெஞ்சினாள். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதில் கேட்க அத்தானே வழக்காடு மன்றம் நடக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வீட்டில் அக்கா மாவாட்டிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் நின்று விதி விதி என்று ஒத்திகை பார்ப்பேன். ஒரு நாள் எனக்கே ஒரு மாதிரியாகி, உனக்குக் கஷ்டமா இருக்கா என்று கேட்டேன். குழவியை நிறுத்தாமல், நீ பேசு, நல்லாத்தான் பேசுத என்றாள்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. தகரக் கூரையில் சாரல் சத்தம். பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் கைதட்டல் எனக்குத்தான். விதி என்று சொன்னாலே தட்டினார்கள். முந்தின நாள் நாடகத்துக்கும் வந்திருந்த அக்கா முன்வரிசையில் இருந்தாள். வீட்டில் அம்மா சொல்லி அனுப்பினாளோ என்னவோ, அத்தானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

சாட்சி விசாரணை வந்ததும் தலையில் இடி. ராணியாக நடித்த பெண் சிவகிரிக்காரி. ராத்திரி ஊருக்குப் போனவள் திரும்பி வந்து சேரவில்லை. ராணி சாட்சி இல்லாவிட்டால் என் வழக்கு படுத்துவிடும். நான் இறங்கிப்போய் அக்கா கையைப் பிடித்தேன். ஒரே ஒரு கேள்விதான், ‘எல்லாம் என் விதி’ என்று சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தாள்.

நான் கோட்டுக் கையை மடக்கிக்கொண்டு, மேடைத் தமிழில் கேட்டேன். “மகாராணி அவர்களே, தங்களைக் காட்டுக்கு அனுப்பியது அரசரா, விதியா?”

அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“விதிய நான் பாத்ததில்ல. மேக்கு வாசல்ல காவல் பத்தாதுன்னு தளபதி வந்து சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நாளைக்குப் பாத்துக்கிடலாம்னாரு மகாராசா. கோட்டை விழுந்ததும் எல்லாரும் என் காலைப் பாத்தாங்க. அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தாரு. அதுக்குப் பேரு விதியா?”

நான் மடக்கின கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். நடுவர் பேராசிரியரைப் பார்த்தார், கேள்வி எதுவும் இல்லை என்று அவர் தலையாட்டிவிட்டார். அண்ணாச்சி மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார். “கோட்டை விழுந்ததுக்கு அரசனைத் தண்டிக்க மாட்டேன். மனுசன் அசந்துபோறது உண்டுதான். பேசாம இருந்தான் பாருங்க, அதுக்கு அவன் குற்றவாளி.” மண்டபம் எழுந்து தட்டியது. தோற்றுப்போன வக்கீல் நானும் தட்டினேன். எங்க அக்கா, எங்க அக்கா என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை.

அத்தான் எங்களோடேயே பஸ்ஸில் வந்தார். வீட்டுக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், அம்மாவிடம் சொன்னார். “நெஞ்சு வலிக்குன்னதும் டாக்டர் அன்னைக்கே அப்பாவ திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. எலுமிச்சை லோடு ஏத்தி முடிக்கட்டும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். இவ பக்கத்துலதான் நின்னா.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது, அக்கா கூண்டில் ஏறிச் சொன்னது எந்த ராஜாவை என்று. ஒரு வருஷம் பழியைச் சுமந்துகொண்டு, எங்களிடம்கூட மூச்சு விடவில்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அழவில்லை.

“இத எங்கம்மாட்ட சொல்லி என்ன செய்ய? அத்தைட்ட சொல்லுங்க. சொல்லிட்டு வந்து கூப்பிடுங்க, வாரேன்.”

அவர் போனதும் நான் சண்டைக்கே போனேன், ஏன் இத்தனை நாளா சொல்லல என்று. “ஏட்டி, நான் சொன்னா மருமக பழி போடுதான்னு ஆயிரும். அவருல்லா சொல்லணும்” என்றாள்.

சீசன் முடிந்து, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு நாள் காலையில் அத்தான் தன் அம்மாவோடு வந்து இறங்கினார். அந்த அம்மாள் பரிகாரம் என்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கொண்டுவந்த பூவை அக்கா தலையில் வைத்து, “கெளம்பு தாயி” என்றாள். எனக்கு அத்தான் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது. எங்கள் நாடகத்து ராஜாக்கள் கத்தியால் குத்திக்கொண்டு சாவார்களே தவிர, ‘நான்தான்’ என்று ஒரு தடவை சொல்ல மாட்டார்கள். அத்தான் பெற்ற தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்.

நான் அதற்குப் பிறகு விதியின் பக்கம் வாதாடியதே இல்லை. எனக்கு மாற்றல் வந்தது, மன்றமும் கலைந்தது. அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ராஜா நாடகம் போட ஆளில்லை, அவரை நிறுத்தி விசாரிக்கவும் ஆளில்லை. அண்ணாச்சி போய்விட்டார், அம்மா போய்விட்டாள். போன தையில் அத்தானும் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த ஒரு கிழவி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் விதி, என்ன செய்ய” என்று ஆரம்பித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இல்ல ஆச்சி. நெஞ்சு வலிக்குன்னு சொன்ன உடனே கடையைப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். எங்க பக்கம் ஒண்ணும் கொறை வைக்கல. வயசாச்சு, போயிட்டாரு.”