அறுக்காத கயிறு

நம்புகிறவர் நம்பட்டும். நம்பாதவரை உட்கார வைத்துச் சத்தியம் செய்ய நான் வரவில்லை. மலேசியாவின் கோல சிலாங்கூர் கடலோரத்தில், 1987இல், பட்டப்பகலில் நடந்தது இது. பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ரெங்கசாமிக்கே நடந்தது.

ரெங்கசாமி அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவன். பிறகு கடலோர மணல்மேட்டுக்கு வேலி போட்டுக் காப்பகம் ஆக்கினார்கள். அங்கே காவல் வேலை கிடைத்தது. வேலிக்கு ஒரே கதவு. சாவி அவன் இடுப்பில். மேடெல்லாம் சவுக்கு, சவுக்கெல்லாம் லோத்தோங் குரங்கு. பெரியவை சாம்பல் நிறம். குட்டி மட்டும் தங்கம் போல் இருக்கும். ஒரு குட்டி பிறந்தால் அத்தனை பெட்டையும் மாறி மாறி மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவன் மனைவி வேலம்மா ஒரு பெண்ணைப் பெற்றாள். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிய அந்த வாரமே காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோனது. மழைக்காலம். தோட்டத்து இடுகாட்டில் முழங்கால் தண்ணீர். பச்சைப் பிள்ளையைத் தண்ணீரில் போட மனம் வராமல் மணல்மேட்டில் புதைத்தான். யாரிடமும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் வேலம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"அரணாக் கயித்த அறுத்தீங்களா?"

புதைக்கும் முன் அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உயிர் கட்டுண்டு கிடக்கும், பசித்து அழும் என்பார்கள்.

"மறந்துட்டேன்."

"தோண்டி அறுத்துட்டு வாங்க."

"பொதைச்சத தோண்டுவாங்களா? பேசாம படு."

"அப்ப சாவியக் குடுங்க. நான் போறேன்."

"பொம்பள அங்கெல்லாம் போகக்கூடாது."

"பெத்தவ போகலாம்."

அவன் கொடுக்கவில்லை. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லானது. காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "கயித்த அறுங்க, வரேன்" என்றாள். பிடிவாதம், தானாக அடங்கும் என்று நினைத்தான். பக்கத்து வீட்டுச் சந்திரிகாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

"கேக்குறத செஞ்சிட்டுப் போங்கண்ணே லா. நீங்க என்ன எமனுக்கு ஆள் மேய்க்கிற மண்டோரா?" என்றாள் சந்திரிகா.

அவன் சைக்கிளை எடுத்தான்.

உச்சி வெயில். காற்று இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டிவிட்டு மேட்டில் ஏறினான். எங்கும் நண்டுகள் உருட்டித் தள்ளிய மணல் உருண்டைகள். ஒரு தொட்டில் நீளத்துக்கு மட்டும் ஒன்றுமே இல்லை... பிள்ளையைப் புதைத்த இடம்.

குரங்குகள் மரத்தை விட்டு இறங்கியிருந்தன. அந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவனைக் கண்டு ஒன்றுகூட ஓடவில்லை.

ங்ஙே... ங்ஙே...

குட்டி கத்துகிறது என்று நினைத்தான். பார்த்தான். எல்லாக் குட்டியும் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

பால் வாசனை வந்தது.

நடுவில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வேலம்மாவின் பச்சைக் கைலி.

"யாரு உன்ன உள்ள விட்டது?"

இடுப்பைத் தொட்டான். சாவி இருந்தது...

அவள் திரும்பவில்லை.

"மெதுவா பேசுங்க. இப்பத்தான் குடிக்கிறா."



நறுக்.

நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம்.

அழுகை நின்றது.

குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மரமேறின. நடுவில் யாரும் இல்லை. மணல் கலையவே இல்லை. மேட்டில் அவன் காலடி மட்டும். அந்த இடத்திலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. முதல் உருண்டையைத் தள்ளியது.

கதவு பூட்டியபடி இருந்தது. திறந்து சைக்கிளை மிதித்தான்.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சந்திரிகா நின்றாள்.

"உச்சிக்கே முடிஞ்சிருச்சுண்ணே. பாய விட்டு எந்திரிக்கவே இல்ல. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

குளிப்பாட்டும்போது வேலம்மாவின் வலது கை பிரியவில்லை. எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். உள்ளே கடல் மணல். ஈரம் காயவில்லை.

மணலோடு ஒரு சின்னக் கறுப்புக் கயிறு.

ரெங்கசாமி வாங்கிப் பார்த்தான். முடிச்சு அவன் போட்டது. அது அவிழவில்லை. வேறோர் இடத்தில் அறுந்திருந்தது.

அங்கே பல் தடம்.