குகை வந்தால் கத்துவான்

எண்பதுகளின் தொடக்கம். மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, நானும் என் கணவரும் ஐந்து வயது மகனும் காலை மலை ரயிலில் வெலிங்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவருக்கு அங்கே ராணுவ அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

என் மகனுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய்! பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் மாமாவுக்கு ஏன் இவ்வளவு பெரிய தொப்பை என்று கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி கேட்பான். அந்தக் கல்யாணப் பந்தியிலும், "இந்த மாமா மூணாவது ஜாங்கிரி எடுக்கறாரு!" என்று அறிவித்துவிட்டான். என் மானமே போயிற்று. நானோ, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று எதற்கெடுத்தாலும் செத்துப் பிழைக்கிற ரகம்.

ரயிலில் சரியான கூட்டம். கணவர் மூட்டை முடிச்சுகளோடு கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டார். நானும் மகனும் வேறொரு பெட்டியில். அந்த ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே வழி கிடையாது.

மலை ரயிலில் குகை வந்தால் பிள்ளைகள் எல்லாம் "ஓ"வென்று கத்துவார்கள். அது ஒரு வழக்கம். என் பிள்ளை மட்டும் குகை முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மகனின் தொடையில் நறுக்கென்று கிள்ளி, "இனி ரயில்ல வாயைத் திறந்தே, இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்" என்றேன்.

வாயை மூடிக்கொண்டான். அடுத்த குகையில் மற்ற பிள்ளைகள் கத்தியபோது, இவன் தன் உள்ளங்கையால் தன் வாயையே பொத்திக்கொண்டான். அதைப் பார்த்து எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கிள்ளிய கையை என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மகன் என் முந்தானையை இழுத்து, பேசாமல் அப்பாவின் பெட்டியைக் கைகாட்டினான். இறக்கிவிட்டு, "அப்பாகிட்ட ஓடு" என்றேன். அதற்குள் ஒரு குரங்கு யாருடைய கையிலிருந்தோ பன்னைப் பிடுங்க, ஒரே கூச்சல். நானும் அதைத்தான் வேடிக்கை பார்த்தேன். விசில் ஊதியதும் ஆளாளுக்கு ஓடி ஏறினார்கள். பையன் அப்பாவிடம் இருக்கிறான் என்று நான் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் கணவர் ஜன்னலோரம் வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம்.

"பையனைக் கூப்பிடு, இதைக் குடுக்கலாம்."

"உங்ககிட்டதானே அனுப்பினேன்?"

"என்கிட்ட வரவே இல்லையே!" என்றார். எனக்கு உயிரே போயிற்று. பின்னால் இருப்பதெல்லாம் காடு. யானை நடமாடுகிற பாதை. இறக்கி விட்டுப் போய்விடுவேன் என்று சொன்னது அப்படியே பலித்துவிட்டதா?

பெட்டி முனையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன் என் அலறலைக் கேட்டு இறங்கி வந்தார். "பயப்படாதீங்கம்மா, பையன் கிடைக்காம வண்டி நகராதுங்க. பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க" என்றார்.

கத்தினேன். நாலு பேர் பார்ப்பார்களே என்ற நினைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, தலை கலைந்து, செருப்பு ஒரு பக்கம் போக, ரயிலின் நீளத்துக்கும் அவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன். எந்தப் பெட்டியிலிருந்தும் பதில் இல்லை. ஒரு ஜன்னலில் எஸ்டேட் வேலைக்குப் போகிற ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க ஒரு பையன் இருக்கறானுங்க. உங்க பையனுக்குப் பேச வராதுங்களா?"

"இல்லைங்க, என் பையன் நல்லாப் பேசுவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினேன். ஆமாம், என் பிள்ளை இருந்த பெட்டியை நானே தாண்டிப் போனேன்.

கடைசிப் பெட்டி வரை பார்த்துவிட்டு, அழுதபடி திரும்பினால், அந்த அம்மா கம்பளியில் சுற்றிய பிள்ளையோடு இறங்கி நிற்கிறார். கம்பளிக்குள் நான் பின்னிய பச்சை ஸ்வெட்டர்.

"விசில் ஊதறப்போ தனியா நின்னுட்டு இருந்துச்சுங்க. அழுகக்கூட இல்லை. வண்டி போயிருமேன்னு தூக்கிப் போட்டுக்கிட்டேன். பேரு கேட்டேன், ஊரு கேட்டேன், வாயே தொறக்கல. அதான் பேச வராதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேனுங்க."

அவருக்குக் கைகூப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மா கூப்பிட்டது கேக்கலையாடா?" என்றேன். கேட்டது என்று தலையாட்டினான். சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதில் மட்டும் விழும்படி கேட்டான்.

"இப்பப் பேசலாமாம்மா? இறக்கி விட்டுட மாட்டியே?"

ரயில் கிளம்பி அடுத்த குகை வந்ததும், "கத்துடா கண்ணு" என்றேன். அவன் கத்தவில்லை. சரி, நானே ஆரம்பித்து வைப்போம் என்று "ஓ"வென்று கத்தினேன். செய்தித்தாள்காரர் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்! அந்த இருட்டில் ஒரு சின்னக் கை வந்து என் வாயைப் பொத்தியது.

அதன் பிறகும் வீட்டில் பேசினான், சிரித்தான், சண்டை போட்டான். ஆனால் பஸ்ஸோ ரயிலோ ஏறினால் கப்சிப். எவ்வளவு சமத்தான பிள்ளை என்று எல்லோரும் பாராட்டுவார்கள். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். மருந்து சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று அளவாகக் கேட்பான். நான் எப்போதாவது அந்த ரயிலில் தனியாகப் போகிறேன். குகையில் பிள்ளைகளை அதட்டுகிற தாய்மாரைப் பார்த்தால், "விடுங்கம்மா, கத்தட்டும்" என்று சொல்லிவிடுகிறேன். போனில் பேச்சு தீர்ந்து அவன் மௌனமாகிற அந்த ஒரு நிமிடத்தில், 'பேசுடா கண்ணு, இப்பப் பேசலாம்' என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு வாரமும் நாக்கு நுனி வரை வருகிறது.