புள்ளிகள் இருந்த பக்கம்

பிரேம்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் மரச்சட்டம் போடுவது அவர் தொழில். மூலையில் நகத்தை வைத்துத் தடவினாலும் இணைப்பு தட்டாது. தப்பாக அறுத்துவிட்டால்கூட ஒட்டி, தேய்த்து, நிறம் கொடுத்து, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆக்கிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகவில்லை. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன.

பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவள் ஒரு பாட்டுக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவள். மேடையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், இந்த மனிதர் “சாப்பிட்டியா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கூட்டம் வந்ததா, நன்றாக வாசித்தாயா என்று கேட்பதற்கு என்ன, காசா பணமா? கேட்கவில்லை. அவளும் எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவாள்? ஒரு நாள் பெட்டியையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்படிப் போனவளிடமிருந்து ஒரு நாள் காலையில் ஃபோன் வந்தது.

“கிட்டாரோட கழுத்து முறுக்கிக்கிச்சுங்க. கடையில இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. புதுசா ஒரு கழுத்து செஞ்சு தர உங்களால முடியுமா?”

“அனுப்பு,” என்றார். இதுவரை கிட்டாரில் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை என்பதைச் சொல்லவில்லை.

“ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன். முடிஞ்சதும் நானே வந்து வாங்கிக்கிறேன்.”

நானே வந்து என்றாளே, அதை அவர் பிடித்துக்கொண்டார். வந்தால் உட்காருவாள், வாசித்துப் பார்ப்பாள். அந்த நேரத்தில் “இங்கயே இருந்துடேன்” என்று சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடம் வராத வார்த்தை, கழுத்து நன்றாக அமைந்தால் வந்துவிடும் என்று நம்பினார். தனிமை மனிதனை எதையெல்லாம் நம்ப வைக்கிறது பாருங்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். இவருக்கு முதல் நாளே சறுக்கியது. தந்திகள் ஓடுகிற நீளக் கட்டைதான் கழுத்து; அதற்குள் நெடுக ஒரு இரும்புக் கம்பி ஓடும். தந்திகள் இழுக்கிற இழுப்புக்கு மரம் வளைந்துவிடாமல் அதுதான் தாங்கும். அதற்குப் பள்ளம் தோண்டும்போது ஓர் இடத்தில் ஆழம் மிஞ்சிப் போனது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்திருக்கும். அதே மரத்தில் மெல்லிய சீவல் ஒன்றைச் செதுக்கி, ரேகை பார்த்து ஒட்டி, காய்ந்ததும் மறுபடி தோண்டினார்.

அடுத்தது ஃப்ரெட். விரல் வைக்கிற பலகையில் குறுக்கே பதிக்கிற சின்னச் சின்ன உலோகக் கம்பிகள் அவை. அவற்றுக்கான வெட்டுகளை, ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று அளந்து அறுத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் மயிரிழைத் தப்பு. பாதிக் கழுத்தைத் தாண்டும்போது ஓர் அரிசி அகலத்துக்கு விலகியிருந்தது. எல்லாவற்றையும் தலைப்பக்கத்திலிருந்தே அளந்திருக்க வேண்டும். அவர்கள் இருவரும் பிரிந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். எந்த ஒரு நாளிலும் சொல்லும்படியான தப்பு இல்லை. வெட்டுகள் அத்தனையையும் மரச்சீவல் வைத்து அடைத்து, பலகையைத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து அளந்தார். சாப்பாடு ஆறிப்போனது. ஆறிப்போச்சு என்று சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை.

கடைசியில் கழுத்தின் ஓரத்தில், விரல் போக வேண்டிய இடம் தெரிவதற்காக வெள்ளைப் புள்ளிகள் பதித்தார். பழைய கழுத்தில் அவை தேய்ந்து, அழுக்கேறி மறைந்துபோயிருந்ததால் மனக்கண்ணில் பார்த்தே வைத்தார். கிட்டாரின் உடம்போடு சேர்த்துத் தந்தி மாட்டிப் பார்த்தபோது அவருக்கே கண் நிறைந்தது.

அவள் சொன்னபடி வந்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். கை கழுத்தில் ஏறி இறங்கியது.

“வழவழன்னு இருக்குங்க,” என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். “புள்ளி எங்க?”

“வெச்சிருக்கேனே.”

கிட்டாரைத் திருப்பினாள். கீழ் ஓரத்தில் வரிசையாக இருந்தன. வாசிக்கிறவர் கண்ணுக்கு எட்டாத ஓரம் அது. எதிரே தாழ உட்கார்ந்து கேட்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். சேர்ந்திருந்த நாட்களில் அவள் தினமும் பயிற்சி செய்யும்போது எதிரே தரையில் உட்கார்ந்து சட்டத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பார் இவர். கிட்டாரை அவர் பார்த்ததெல்லாம் அங்கிருந்துதான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. வெகுநேரம் அந்த ஓரத்தையே பார்த்தாள்.

“கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா அப்ப,” என்றாள்.

இதுதான் சமயம். அவர் வாயைத் திறந்தார். “தப்பு பண்ணிட்டேன். குடு, மாத்தித் தரேன்” என்பதுதான் வந்தது.

“ஒரு நாளாவது என் பக்கத்துல வந்து உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ங்க.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேல் ஓரத்தில் துளை போட்டுப் புதுப் புள்ளிகள் பதித்தார். அவள் காத்திருந்தாள். கீழே இருந்தவற்றைக் காட்டி, “இதையெல்லாம் எடுத்துட்டு அடைச்சிடவா?” என்று கேட்டார்.

“இருக்கட்டும். நேரமாகுது.”

அவை இருக்கட்டும் என்று ஆசையா, வெறும் அவசரமா, இரண்டில் எது காரணம் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வாசல்வரை கூடவே போனார். “புது மரம். மழைக்காலத்துல வளையும். தந்தி கரகரன்னா கொண்டா, உள்ள இருக்கிற கம்பிய முறுக்கிச் சரி பண்ணணும்,” என்றார். இத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மழைக்காலம் வந்தது. தன் வேலையில் குறை வந்துவிடக் கூடாது என்று ஆயுசு முழுக்கக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தவர், கடை வாசலில் நின்று, இன்னும் பெய்யட்டும், அந்தக் கழுத்து கொஞ்சமாவது வளையட்டும் என்று வேண்டிக்கொண்டார். கடைக் கதவே உப்பிப்போய்ச் சாத்த முடியவில்லை. ஃபோன் மட்டும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

“கழுத்து எப்படி இருக்கு?”

“ஒரு குறையும் இல்லீங்க. இத்தனை மழைக்கும் அப்படியே நிக்குது. எங்க குழுவுல எல்லாரும் ஆச்சரியப்படறாங்க.”

“நல்லது,” என்று சொல்லி ஃபோனை வைத்தார்.