பேயின் ஸ்வெட்டரில் ஒரு வெள்ளைப் பொத்தான்

போன வாரம் அக்கா மகன் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஏற்காட்டில் எடுத்த ஒரு பழைய பேய்ப்படத்தை யாரோ தாடிக்காரப் பையன் நிறுத்தி நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தான். வந்த வேகத்தில் சுருண்ட படம் அது. இப்போது அதற்கு ரசிகர் கூட்டமே இருக்கிறதாம். வெள்ளைச் சேலைக்கு மேல் பேய் போட்டிருக்கும் கருஞ்சிவப்பு ஸ்வெட்டர், சிந்திய ரத்தமாம். அது ஆம்பளை ஸ்வெட்டராக இருப்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பின்னியவளே நான்தான்.

அப்போது அங்கே ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் நானும் ஸ்டெல்லாவும் டைப்பிஸ்டுகள். கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர் சகாயம் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தால் ஈரத்துணியும் புளித்த காப்பிப்பழத் தோலும் கலந்த வாசனை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் பொத்தியதில்லை. கிறிஸ்துமசுக்கு அவருக்கென்று அந்த ஸ்வெட்டரைப் பின்னினேன். கான்வென்டில் கற்ற கைப்பின்னல். ஒரு கை கொஞ்சம் நீளம். ஒண்டிக்கடை பஜார் முழுக்க அலைந்தும் கடைசிப் பொத்தான் அந்த நிறத்தில் கிடைக்காமல் ஒரு வெள்ளைப் பொத்தானைத் தைத்துவிட்டேன்.

"நொம்பக் கதகதப்பா இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் போய்விட்டேன்.

தை மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். நடிகைக்குக் காய்ச்சல். முடி முகத்தை மூட, தூரத்திலிருந்து நடந்துவர ஒரு பெண் வேண்டுமாம். நானும் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன். டைரக்டர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். பேயாகக்கூட என்னை எடுத்துக்கொள்ளவில்லை, பாருங்கள்.

காப்பி காயவைக்கும் களத்தில் காலைப் பனி. வெள்ளைச் சேலையில் ஸ்டெல்லா நாலடி நடந்தாள், ஆளையே காணோம். மெட்ராஸ்காரர்களுக்கு எங்கள் பனியைப் பற்றி என்ன தெரியும்? அவள் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சகாயம் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, குளுருது பாருங்க. இதைப் போட்டுக்குங்க."

அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்ததால் பொத்தான்களையும் அவரே போட்டுவிட்டார், என் வெள்ளைப் பொத்தான் வரைக்கும். இப்போது பனியிலும் ஆள் தெரிகிறது என்று டைரக்டர் துள்ளினார்.

"நல்லா இருக்குதா புள்ள?" என்று ஸ்டெல்லா என்னிடம் வந்து கேட்டாள்.

"தொளதொளன்னு இருக்குது" என்றேன்.

அடுத்த வைகாசியில் அவர்களுக்குக் கல்யாணம். போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, உப்பு அதிகம் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இப்போது பனி அப்படி இறங்குவதில்லை. களம் இருந்த இடத்தில் ரிசார்ட்டின் நீச்சல்குளம். ஸ்வெட்டரைச் சினிமாக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். சகாயமும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீடியோவின் முடிவில் தாடிக்காரப் பையன் அந்தப் பொத்தானைப் பெரிதாக்கிக் காட்டினான். "இது மட்டும் வேற நிறம். ஆசைப்பட்டது அவளுக்குக் கிடைக்கலைன்னு அர்த்தம்" என்றான். என் சிரிப்பு நின்றுவிட்டது. அர்த்தம் சரிதான், ஆள்தான் வேறு.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். படம் வெளுத்து, ஸ்வெட்டரின் நிறமும் மங்கிப்போயிருந்தது. ஆனால் ஸ்டெல்லா என்ன அழகாக நடந்து வருகிறாள், பாவி.