மாஸ்டருக்குச் செய்த பல் செட்

பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். பல்லைச் செய்து கொடுப்பது செட்டக்கா. மாடிப்படிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தால் நீளமான ஓர் அறை. ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள். சுவர் அலமாரியில் ஊரார் வாயெல்லாம் வரிசையாக இருக்கும். வெள்ளை மாவைக் கரைத்து வார்த்த மேல்வாய், கீழ்வாய். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் பெயர். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே கொஞ்சம் தயங்குவார்கள். "கடிக்காது, உள்ள வாங்க" என்பாள்.

'செட்' என்ற சொல் இல்லாமல் அந்த அறையில் கால் மணி நேரம் ஓடாது. மேலும் கீழும் சேர்ந்த முழு வரிசை ஒரு செட். பல்லை ஒவ்வொன்றாக மெழுகில் நிறுத்துவது செட் பண்ணுவது. ஊற்றிய மாவு இறுகினால் செட் ஆகிவிட்டது. அரம், இடுக்கி, கத்தி அடங்கிய பையும் செட்தான். கூட வேலை கற்றவர்கள் "எங்க செட்டு". அவளிடம் வேலை பார்க்கும் பாலிஷ்காரர் ஒரு நாள், "ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு இந்த இங்கிலீஷ்காரன் எத்தனை வேலைய முடிச்சிருக்கான் பாருங்கக்கா" என்றார்.

"என் வாழ்க்கையையும் அதே வார்த்தையிலதான் முடிச்சாங்க" என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னதால் பாலிஷ்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பதினான்கு பேர் வேலை பார்த்த ஒரு பெரிய பல் பட்டறையில் சேர்ந்து மூன்றாவது வருஷம். எல்லோருக்கும் மேலே மாஸ்டர் என்று ஒருவர். முதலாளி வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். வேலையில் கெட்டிக்காரர். முன்பல் ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு செட் பண்ணுவார் என்பார்கள். அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அளவெடுக்கப் பழகுவதற்காக ஒருவர் வாயில் ஒருவர் அளவெடுப்பார்கள். அவள் முதன்முதலில் அளவெடுத்தது மாஸ்டருடைய வாயில். மேலண்ணத்தின் நடுவே நெல்மணி போல ஓர் எலும்பு மேடு இருந்தது. "இது அதிர்ஷ்ட மேடு" என்று சொல்லிச் சிரித்தார்.

பல்லுக்கு உறை போடும் தங்கம் அடிக்கடி குறைந்தது. முதலாளி ஒரு நாள் திடீரென்று வந்து எல்லோர் பையையும் கொட்டச் சொன்னார். அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் அடியில், காகிதத்தில் மடித்த ஒரு தங்கத் துண்டு இருந்தது. டப்பாக்கள் இருந்த அலமாரியின் சாவி மாஸ்டரிடம் மட்டுமே இருக்கும். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இது செட்டப்புங்க. நான் எடுக்கல" என்று அவள் முதலாளியிடம் கத்தினாள். அங்கிருந்த பதின்மூன்று பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே போகும்போது மாஸ்டர் மட்டும் படி வரைக்கும் வந்து, "சின்ன வயசு. வேற எங்கயாவது போய் செட்டில் ஆயிடு" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரலைத்தான் அவளால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை.

அப்போது அவளுக்கு ஒரு வரன் செட் ஆகியிருந்தது. சேதி போன மறுநாளே மாப்பிள்ளையின் அத்தை போனில், "நமக்குள்ள இது செட் ஆகாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதினார். நாலு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். மூன்றாவது வரியில் 'செட் அசைட்' என்று இருந்தது. "செட்னு போட்டிருக்காங்கம்மா. சரி பண்ணிட்டாங்க போல" என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டினார். எதிர்வீட்டு வாத்தியார்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மனுவைத் தள்ளிட்டாங்கன்னு அர்த்தம் சார்."

அப்பா அதற்குப் பிறகு தெருவில் நின்று பேசுவதை விட்டுவிட்டார். ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. சாவதற்கு முந்தின வாரம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ எடுக்கலதானேம்மா?" என்று கேட்டார். கேட்டாரே என்பதுதான் அவளுக்கு ஆறாத புண். அண்ணன் கேட்கவே இல்லை. ஆனால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அண்ணி பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சாவி அவள் வந்தால் இடுப்புக்கு ஏறும், போனால் ஆணிக்கு இறங்கும்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை பார்த்து, கடைசியில் இந்த மாடிப்படி அறையைப் பிடித்தாள். நல்ல கை என்று பெயர் வந்தது. மாஸ்டரைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. பாம்புக்கு வார்க்கிற பால் மாதிரி அந்தக் கோபத்துக்குத் தினமும் கொஞ்சம் ஊற்றி வளர்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக வேலை கொடுக்கும் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு முழு செட்டுக்கான அளவு வந்தது. சீட்டில் மாஸ்டரின் பெயர். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கலாம் என்று நினைத்தபடி மாவைக் கரைத்து ஊற்றினாள். இறுகியதும் பிரித்துத் திருப்பினாள். மேலண்ணத்தின் நடுவே நெல்மணி போல ஒரு மேடு.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமாம். உங்க டெக்னீஷியன் சங்கத்துல அவருக்குப் பாராட்டு விழாவாமே. மேடையில பேசணுமாம்."

"குடுத்துடலாம் டாக்டர்" என்றாள்.

மெழுகில் பல்லை நிறுத்தி, வாயில் வைத்துப் பார்ப்பதற்காக அனுப்பினாள். அது அப்பழுக்கில்லாத வேலை. டாக்டரம்மா வைத்துப் பார்த்து, பேசச் சொல்லிப் பார்த்து, பிரமாதம் என்று திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைத் தொடங்கினாள். மேல் முன்பல் ஆறையும் நூலளவு முன்னே தள்ளினாள். அவற்றுக்குப் பின்னால், நாக்கு நுனி தொடும் இடத்தில், அண்ணத்தை லேசாகச் சுரண்டி ஒரு வாய்க்கால் விட்டாள். கண்ணுக்குத் தெரியாது; காற்றுக்குத் தெரியும். 'ச' என்று சொன்னால் சீட்டியடிக்கும். பிறகு மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக் வார்த்து, வேறெந்த செட்டுக்கும் போடாத அளவுக்குத் தன் கையாலேயே பாலிஷ் போட்டாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

பல் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை சாயங்காலம். டாக்டரம்மா மாட்டிவிட்டபோது கொஞ்சம் சீட்டியடித்திருக்கிறது. புதுப்பல் என்றால் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் நினைத்துவிட்டார், மாஸ்டரும் நினைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேர். அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். மாஸ்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மாலையை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"சங்கத்துச் சகோதரர்களே" என்றார்.

மைக் அந்தச் சீட்டியை நாலு மடங்காக்கியது. முன்வரிசையில் யாரோ செல்போன் என்று நினைத்துப் பையைத் தடவினார்கள். "சாதாரணத் தொழிலாளியா சேர்ந்து" என்றார். இரண்டாவது சீட்டிக்கு மண்டபம் சிரிப்பை அடக்கிக்கொண்டது. "சேவை", "சொந்தச் சகோதரி மாதிரி", "சத்தியம்" என்று அவருடைய பேச்சு முழுக்க ச-வாக இருந்தது. 'சத்தியம்' வந்தபோது சிரிப்பு உடைந்துவிட்டது. அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு பாதியில் உட்கார்ந்தார். செட்டக்கா சிரிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடிக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவரே படிக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பல்லில்லாத வாய் உள்ளே மடிந்திருந்தது.

"இத யாரு செட் பண்ணது?"

"நான்தான்."

அவர் செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "நாப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் நான். கை தவறிப்போன வேலைன்னா எனக்குத் தெரியும். தப்பா செய்யுற கை இப்படிப் பாலிஷ் போடாது. தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க. எதுக்கு?"

"என்னைத் தெரியல?"

அவர் பார்த்தார். உண்மையிலேயே தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் இந்த ஆளை நினைத்தே எழுந்து, இந்த ஆளை நினைத்தே படுத்திருக்கிறாள்; அவருக்கோ அவள் முகம்கூட நினைவில் இல்லை.

"சாப்பாட்டு டப்பா" என்றாள். "அடியில ஒரு காகிதம். அதுக்குள்ள தங்கம். படி வரைக்கும் வந்து, செட்டில் ஆயிடுன்னு சொன்னீங்க."

அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தார். "நீயா?" என்றார். பாலிஷ்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"யாரு எடுத்தா மாஸ்டர்?"

"நான்தான்" என்றார். "மாட்டியிருந்தா எனக்கு ஜெயில். மூணு பொண்ணுங்க. நீ சின்னவ, எப்படியும் பொழைச்சுக்குவேன்னு நெனச்சேன்."

"எங்கப்பா பொழைக்கல."

அவள் கையை நீட்டிச் செட்டை வாங்கி, மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"இப்ப எங்கிட்ட சொன்னத எங்க அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி முன்னால, எங்கப்பா படத்துக்கு முன்னால சொல்லுங்க. சொல்லிட்டு வந்தா நல்ல செட் பண்ணித் தரேன்."

"பல்லில்லாம எப்படிம்மா போறது? பேச்சே வராதே."

"பதின்மூணு பேர் முன்னால என் பேச்சும் எடுபடல மாஸ்டர். போயிட்டு வாங்க."

அவர் போகவில்லை என்றால் என்ன செய்திருப்பாள் என்று கேட்டால், வேறு எந்தப் பட்டறையிலும் அவருக்குப் பல் கிடைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறாள். பாதிப் பட்டறைகளில் இருப்பது அவளோடு வேலை கற்ற செட்டுதான். ஆனால் அவர் போனார். மூன்று நாள் கழித்து அண்ணன் போன் செய்தான்.

"அந்த மாஸ்டர் வந்துட்டுப் போனாரு. பாதி புரியல. மீதி புரிஞ்சுது."

"அப்பா படத்துக்கு முன்னால சொன்னாரா?"

"சொன்னாரு. அழுதாரு." அண்ணன் இருமினான். "எப்பவோ நடந்தது. இப்பக் கிளறி என்ன ஆகப்போகுது? நீ எடுத்திருப்பேன்னு நாங்க நெனச்சோம்னு உனக்கு யாரு சொன்னா?"

"அண்ணி இடுப்பு சொல்லுச்சு" என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அன்றைக்கு வேலை செய்ய முடியவில்லை. அழுகைக்குக் காரணம் நிம்மதியா, அப்பா கேட்க இல்லையே என்ற வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சொன்னபடியே மாஸ்டருக்குப் புது செட் செய்தாள். முதலில் மெழுகில் செய்ததைப் போலவே அப்பழுக்கில்லாதது. அவர் அதை மாட்டிக்கொண்டு, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். சீட்டி வரவில்லை. "இல்ல" என்றாள். "பேச்சு நல்லா வருது. போயிட்டு வாங்க."

நடந்ததை டாக்டரம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். மறைத்து வைத்து வேலை வாங்க அவளுக்குப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க இடத்துல இருந்தா எனக்கும் ஆத்திரம் வந்திருக்கும். ஆனா நாளைக்கு என் பேஷன்ட்ல உங்களுக்கு ஆகாதவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதோடு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார். மற்ற டாக்டர்கள் இரண்டு பேரும் மெல்ல நழுவினார்கள். பாலிஷ்காரர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வந்தார். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. செய்ததற்கு வருத்தப்படவும் இல்லை.

பதினான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் டாக்டரம்மாவின் கார் வாசலில் நின்றது. அவருடைய அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். மூன்று பட்டறைகளில் செய்த மூன்று செட்டும் பையில் இருந்தன. ஒன்றும் அந்த அம்மாளின் வாயில் நிற்கவில்லை. டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமல், "நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார்.

அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, அலமாரியில் இருந்த வாய்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். மகளிடமிருந்து கதையைக் கேட்டிருப்பார் போல.

"உனக்கும் எனக்கும் பகை ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார்.

"இதுவரைக்கும் இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, செட்டக்கா விளக்கைக் கிட்டே இழுத்தாள். "வாயைத் தொறங்க."