பசை போட்டு ஒட்டிய ரயில் பாதை

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்காரிக்குப் 'பம்பரம்' என்று பெயர் வைத்ததே டாக்டர்தான். உட்கார்ந்த இடத்தில் தரிக்க மாட்டாள். போனில் பேசிக்கொண்டே மேஜையைத் துடைப்பாள், துடைத்துக்கொண்டே எந்த நாற்காலி கோணலாக இருக்கிறது என்று பார்ப்பாள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவான். நான்கு வயது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பள்ளி விட்டதும் இங்கேயே கூட்டி வந்துவிடுவாள். "குழந்தை சத்தம் போடாத வரைக்கும் சரிம்மா" என்றிருந்தார் டாக்டர். போட்டால்? அதை அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்!

இதுவரை காப்பாற்றியது காத்திருக்கும் அறையில் இருந்த மர ரயில்தான். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது, ஒரு விளக்குகூட எரியாது. ஆனாலும் செல்போனும் கையுமாக வரும் பிள்ளைகள்கூட அதைப் போட்டுவிட்டு இதன் முன்னால் மண்டி போட்டுவிடும். மகளும் சாயங்காலம் வரை வாயைத் திறக்க மாட்டாள்.

ஆனால் தண்டவாளத் துண்டுகள் இறைந்து கிடப்பதுதான் பம்பரத்துக்குப் பொறுக்காது. சோபாவுக்கு அடியில் ஒன்று, செடித்தொட்டியில் ஒன்று, யார் பையிலோ ஒன்று. இப்படியே போனால் ஒரு நாள் மொத்தமும் காணாமல் போகும், அப்புறம் மகள் கதி? ஒரு நாள் காலையில் சீக்கிரமே வந்து, துண்டுகளை அழகான வட்டமாகக் கோத்து, பசை போட்டு விளையாட்டு மேஜையோடு அழுத்தி ஒட்டிவிட்டாள். இனி அசையுமா பார்ப்போம் என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

மத்தியானம் மகள் வந்தாள். ரயிலை ஒரு சுற்று ஓட்டினாள். இன்னொரு சுற்று. ஒரு துண்டைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை.

"அம்மா, இது கெட்டுப்போச்சு."

"கெடலடி கண்ணு. நல்லா ஓட்டு."

"எங்க ஓட்டுறது? போன எடத்துக்கேதான் திரும்பத் திரும்பப் போகுது!"

சிணுங்கல் அழுகையானது, அழுகை கூரையைப் பிய்த்தது. உள்ளே பல் துளைக்கும் சத்தம் சட்டென்று நின்றது. பம்பரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடிப்பாவி, என் பிழைப்புக்கு நானே வேட்டு வைத்துக்கொண்டேனே! இழுப்பறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பல் பிடுங்கும் குறடு கண்ணில் பட்டது. அதை எடுத்துத் தரையில் முழங்காலிட்டு, ஒரு துண்டைக் கவ்விப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். மேஜையின் மேல்பூச்சும் சேர்ந்தே வந்தது.

அழுகை நின்றது. "ஐ! இன்னொண்ணும்மா!"

டாக்டர் கதவைத் திறந்தபோது பாதி வட்டம் பிடுங்கியாகிவிட்டது. மகள் மேஜைக்கும் சோபாவுக்கும் நடுவே பாலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இதப் பிடிச்சுக்கோங்க. இல்லன்னா ரயில் விழுந்துடும்."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து பிடித்துக்கொண்டார். ரயில் மெதுவாகத் தாண்டிப் போனது. பம்பரத்துக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை.

"நாளைக்கு இவளக் கூட்டிட்டு வரலாமா டாக்டர்?" முழங்காலிட்டபடியே கேட்டாள்.

அவர் குறட்டைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார்.

"கூட்டிட்டு வாங்க. அந்தப் பசைய மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."