கல்யாணப் பத்திரிகையில் கட்டிய ஸ்டேஷன்

சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த பொம்மை ரயிலுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இல்லை. கட்டிலின் மேல் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி ஓடவிட்டால், தலையணையையே சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவில்லை. ரயில் என்றால் நிற்க ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்றாள். அவள் அப்போது பிளஸ் ஒன், நான் ஐந்தாம் வகுப்பு.

எங்கள் ஊர் வேதாரண்யம் போகும் வழியில் இருக்கிறது. ஊரில் நிஜ ஸ்டேஷன் இருந்தது, ரயில்தான் இல்லை. அகலப்பாதை போடப்போவதாகச் சொல்லிப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பூட்டிய அந்த ஓட்டுக் கட்டடத்தின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். அதையே அப்படியே கட்டுவது என்று அக்கா முடிவு செய்தாள்.

முதலில் குத்துமதிப்பாகக் கட்டினோம். ரயிலை விட்டதும் என்ஜின் பிளாட்பாரக் கூரையில் முட்டி, கூரையையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. நான் அழுதேன். அக்கா விழுந்த என்ஜினை எடுத்து, அதன் கதவு எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் அளந்தாள். பிறகு கட்டியது அத்தனையையும் அவளே பிய்த்துப் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். சுவர், கதவு, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்னை நிறுத்தி அப்பாவின் போனில் படம் எடுத்தாள். சாய்ந்து நிற்கவோ சிரிக்கவோ எனக்கு அனுமதியில்லை.

"நேரா நில்லுடி. நீதான் இப்ப ஸ்கேலு."

வீட்டுக்கு வந்து என் உயரத்தை அளந்து, படங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். கதவு என்னைப் போல் ஒன்றரை மடங்கு, கூரையின் உச்சி என்னைப் போல் நான்கு மடங்கு. அந்தப் பொம்மை ரயிலில் நான் ஏற வேண்டுமானால் என் கட்டைவிரல் நகத்தின் உயரம்தான் இருப்பேனாம். கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஒரு முழு ஸ்டேஷனை என்னை வைத்து அளக்கிறார்கள் என்பது மட்டும் பிடிபட்டது. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

சுவர்களைக் கெட்டியான கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எழுப்பினாள். அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்ததும் உள்ளே இருந்த நெளிநெளியான தாள், காவி பூசியவுடன் கூரை ஓடாகிவிட்டது. ஜன்னல் கம்பிகளுக்குத் துடைப்பத்து ஈர்க்கு. இந்தப் பாதையில் உப்புதானே போனது, சரக்குப் பெட்டியில் உப்பு ஏற்ற வேண்டும் என்றாள். கல் உப்பு அங்கே பாறாங்கல்லாகத் தெரிந்ததால், அம்மா மிக்சியில் அரைத்துக் கொடுத்தாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் படிப்பைக் கெடுக்கிற வேலை. பிளஸ் டூ முடிந்ததும் அக்கா பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருவாள் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பெண்பிள்ளையை வெளியூரில் விட அவருக்கு மனமில்லை. அக்காவை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாகப்பட்டினத்தில் பள்ளிக் கண்காட்சி வந்தபோது, பலகையோடு ஸ்டேஷனைத் தூக்கிப் போக ஆள் வேண்டுமே என்றுதான் அப்பா வந்தார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். பள்ளம் வரும் இடமெல்லாம் இரண்டு கையாலும் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பரிசுக்குப் பார்வையிட வந்தவர், ஏதோ ஒரு கல்லூரியில் கட்டடம் வரையச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். குனிந்து பார்த்துவிட்டு, இதை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். இன்று அக்கா கட்டும் வீடுகளைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. அன்று அவள் கூரையைக் கழற்றிக் காட்டினாள். டிக்கெட் கொடுக்கும் அறையின் உள்சுவரில், யாரோ ஒரு மணமகனும் மணமகளும் பெற்றோர் பெயரோடு அச்சாகியிருந்தார்கள். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலைங்க. கணக்கும் அவதான், கொத்து வேலையும் அவதான். இது எம் பொண்ணு கட்டுன ஸ்டேஷன்ங்க."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அளவு சின்னவளோடதுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, புகை விட்ட ஓர் எரிமலைக்குப் போனது. பரிசு வாங்கியதும் ஓட்டலுக்குப் போவோம் என்றிருந்தேன். அப்பாவோ அந்த வாத்தியாரைத் தேடிப் போய்ப் பேச்சில் இறங்கிவிட்டார். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. கட்டடம் கட்ட எங்கே படிக்க வேண்டும், எவ்வளவு மார்க் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் குரலைத் தணித்து,

"பொம்பளப் புள்ளைங்களுக்கு அங்க ஹாஸ்டல் நல்லாயிருக்குங்களா?" என்றார்.

பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினாள். வலிக்கிறது, விடு என்றேன். அவள் விடவில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் என்னைப் போலவே நல்ல பசி என்று நினைத்துக்கொண்டேன்.